யாருக்கு அந்தக் கப்பல்?

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில், செருமனியில் நாங்கள் வாழும் பான் நகரில், மாதிரிக் கப்பல், வண்டி முதலியவற்றைக் கட்டும் பொருள்கள் விற்கும் கடையொன்றில் நிகழ்ந்தது இது. பக்கவாதத்தால் என் வலக்கை வலுவிழந்து சில மாதங்கள் கடந்திருந்தன. விரல்களுக்கு இடையறாது வேலை கொடுக்குமாறு பயிற்சியளிக்கும் அம்மையார் கூறியிருந்தார். மரத்தாலான மாதிரிக் கப்பலொன்றைக் கட்ட விரும்பினேன். மனைவியும் உடன் வந்தார்.

அடுக்கில் இரு பெட்டிகள் கண்ணில் பட்டன. ஒன்று, இரு பாய்மரங்கள் கொண்ட வணிகக் கப்பல். மெல்லிய மரப்பட்டிகளை நீரில் ஊறவைத்து வளைத்து, ஒவ்வொன்றாக ஒட்டவேண்டும், கயிறுகளுக்கோ கணக்கில்லை. மற்றது, தடித்த துண்டுகள் சிலவே கொண்ட மீன்பிடிப் படகு. என் மனம் கப்பலையே நாடியது.

"இஞ்சாருங்கோ, சட்டைப் பொத்தான் பூட்டவே நான் வேணும். உந்தக் கயிறெல்லாம் ஆர் முடிஞ்சு விடுறது?" என்றார் மனைவி.

"நீர் இருக்கிறீர்தானே."

"எனக்கு ஏலாது. கப்பல் வேலைக்கு நான் வரேல்லை."

இருவரும் சிரித்தோம். ஆயினும் அவர் கூற்றில் பிழையில்லை. தொடங்கிவிட்டு முடிக்க இயலாது போனால், அந்தத் தோல்வி நாள்தோறும் மேசைமீது கிடக்குமே. படகை எடுத்துக்கொண்டு பணம் செலுத்தச் சென்றேன்.

"பேரப்பிள்ளைக்கா?" என்று கடைக்காரப் பெண்மணி இன்முகத்துடன் வினவினார். பெட்டியின் ஓரத்தில் 'சிறுவர்க்கு' என அச்சிட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எங்களுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை. வலக்கையை மேற்சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு, "ஆம்" என்றேன்.

மனைவி ஒரு கணம் என்னையே நோக்கினார். பிறகு அந்தப் பெட்டியை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு, "இல்லை, இவருக்குத்தான். இவரே கட்டப்போகிறார்" என்று அப்பெண்மணியிடம் செருமன் மொழியில் கூறினார். என் பக்கம் திரும்பி, "போய் மற்றதை எடுத்துக்கொண்டு வாங்கோ. பிழையாய்ப் போனால் போகட்டும். ஆர் அதில ஏறிப் போகப்போறது?" என்றார்.

கப்பல் இன்னும் முடியவில்லை. இடப்பக்கப் பட்டிகள் கோணலாக நிற்கின்றன. திருத்த முயன்று ஒன்றை முறித்தும்விட்டேன். முடியுமா என்று நான் இப்போது கேட்பதில்லை. அறியாத ஒருவர் முன்னிலையில் என்னை நானே கைவிட்ட அந்நொடியில், என்னை விட்டுக்கொடாது பேசிய அக்குரலே, ஒவ்வொரு காலையும் என்னை அந்த மேசைமுன் அமர்த்துகிறது.