பின்னறைப் பூட்டு

கையகல இரும்புப் பூட்டு அது. சாவித் துளையை மூடும் தகட்டில் சின்னதாய் ஒரு மயில் செதுக்கியிருந்தது. வேலூரில் நான் வேலை பார்த்த தனியார் அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளின் கதவுச் சாமான்களுக்கென்று ஒரு கூடம் உண்டு. கீல்கள், தாழ்ப்பாள்கள், பித்தளை வளையங்கள், கொத்துக் கொத்தாய்ச் சாவிகள். பதிவேடு எழுதுவதும் பெயர் அட்டை அடிப்பதும் என் வேலை. அந்தப் பூட்டுக்கு 'மயில் வேலைப்பாட்டுப் பூட்டு, ஆம்பூர் தோல் வியாபாரி வீடு' என்று அடித்து வைத்தவள் நான்தான்.

ஒரு பிற்பகல் டீச்சர் வந்தார். ஆம்பூர்ப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வியாபாரியின் மூத்த மகள். வீட்டை இடித்தபோது அவருடைய தம்பி கதவுச் சாமான்களை எங்களிடம் கொடுத்திருந்தார். டீச்சர் வேறெதையும் பார்க்காமல் அந்தப் பூட்டின் முன் போய் நின்றார். நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன், உட்காரவில்லை. அட்டையை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"இது எங்க வீட்டுப் பின்னறைப் பூட்டும்மா. என் தங்கச்சிய அதுலதான் வச்சிருந்தோம். பதினோரு வருஷம்."

தங்கைக்குப் பத்தொன்பது வயதில் மனம் பேதலித்ததாம். ஒருமுறை வீட்டைவிட்டுப் போனவளை அரக்கோணம் ஸ்டேஷனில் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள். ஊர் பேசும், பையனுக்குப் பெண் கிடைக்காது என்று அப்பா பூட்டினார். அவர் இறந்த பிறகு சாவி டீச்சரிடம் வந்தது. காலையில் சோறு வைத்துப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போவார். சாயங்காலம் வந்து திறப்பார். ஒருநாள் திறந்தபோது தங்கை உயிரோடு இல்லை.

"காலைலயே காய்ச்சல்னு சொன்னா. சாயங்காலம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டுப் போனேன்."

அழாமல்தான் சொன்னார். பிறகு, யாரையும் திட்டி எழுத வேண்டாம், இந்தப் பூட்டுக்குப் பின்னால் இப்படி ஒருத்தி இருந்தாள் என்று தங்கை பெயரை மட்டும் அட்டையில் போடச் சொன்னார்.

மேலாளரிடம் கேட்டேன். குழந்தைகள் வரும் இடம், கொடுத்த குடும்பம் சங்கடப்படும் என்றார். அவர் முகம் சுளித்ததும் சரி சார் என்று வந்துவிட்டேன். மறுமாதம் டீச்சர் வந்தபோது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னேன். ஆறேழு முறை அவர் ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். ஒருமுறைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிம்மா" என்பார், சற்று நேரம் பூட்டைப் பார்த்திருந்துவிட்டுப் போவார். பிறகு வரவில்லை.

டீச்சர் இறந்த செய்தியை அவருடைய தம்பி போன் செய்து சொன்னபோது ஆம்பூர் போனேன். பழைய வீடு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம். மேலே, மொட்டை மாடியைப் பார்த்த ஓர் அறையில் டீச்சரைக் கிடத்தியிருந்தார்கள். அந்த அறைக்கு நிலை இருந்தது, கதவு இல்லை. நான் அதையே பார்ப்பதைக் கண்டு தம்பி மனைவி பக்கத்தில் வந்தார்.

"குடி வந்த அன்னிக்கே கழட்டச் சொல்லிட்டாங்க. மழை வந்தா படுக்கையெல்லாம் நனைஞ்சிடும். எவ்ளோ சொல்லியும் மாட்ட விடல."