இரண்டு குசினியில் ஒரு கோழிச்சோறு

இந்தச் சுவிஸ் நாட்டில் நான் உறைப்பாக எதையும் வறுக்கப் போனால் முதல் வேலை அடுப்பை மூட்டுவதல்ல. வாசலில் தொங்கும் குளிர்க்கோட்டுகளை அள்ளிக்கொண்டுபோய்ப் படுக்கையறை அலுமாரிக்குள் பூட்டுவதுதான். இல்லாவிட்டால் கோட்டில் மணம் ஏறி, திங்கட்கிழமை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். பிறகு குசினிக் கதவைச் சாத்தி, கீழ் இடைவெளியில் ஈரத் துவாயைச் செருகி, வெளியே பனி கொட்டினாலும் யன்னலை விரியத் திறக்க வேண்டும். ஒரு தாச்சி கோழி ஃபிரைட் ரைஸுக்கு இவ்வளவு ஆயத்தம்! மட்டக்களப்பில் மிளகாயை, எங்கள் கொச்சிக்காயை, வறுத்தால் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தும்மும். "என்ன கா, இண்டைக்கு விசேசமோ?" என்று வேலிக்கு மேலால் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கோட்டுகளை அள்ளியது அம்மாவுக்காக. அம்மா மட்டக்களப்புக் கல்லடியில் என் தம்பி அன்ரனோடு இருக்கிறார். காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிப் பத்து நாள். கஞ்சி வைத்தாலும் பால் வைத்தாலும் "வாயெல்லாம் கைக்குது" என்று தள்ளிவிடுகிறார். உடம்பு கரைந்துகொண்டே போகிறது. ஆசைப்பட்டதைக் கொடுங்கள், சாப்பிடாவிட்டால் திரும்பவும் வார்ட்டில்தான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கடைசியில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "என்ட மகள் போடுற கோழிச்சோறு எண்டா ரெண்டு வாய் தின்னுவன்." மகள் எப்படிப் போவாள்? எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று என் அகதிப் பயணப் பத்திரத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சோற்றை நான் பழகியது பாசிக்குடாவில், ஒரு ஹோட்டல் குசினியில் மரக்கறி வெட்டிய காலத்தில். லீவில் வீட்டுக்கு வந்து பெருமையாகப் போட்டுக் கொடுத்தேன். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது வெள்ளக்காரனுக்குப் பத்தியம். மனிசர் தின்னுறதா?" அடுத்த முறை கருவேப்பிலையும் இடித்த கொச்சிக்காயும் கை நிறைய அள்ளிப் போட்டேன். மூக்கும் கண்ணும் வடிய, வழித்துத் தின்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஃபிரைட் ரைஸ் அதுதான்.

எனவே ஞாயிறு பகல் வீடியோ கோலில் அன்ரனைப் பிடித்தேன். மீன் பொரிப்பதற்கு மேல் அடுப்படி அறியாதவன். நான் இங்கே போடப் போட, அவன் பார்த்து அங்கே போட வேண்டும்.

"அக்கா, சோறு களியாப் போகுது!"

"சூட்டோட கொட்டினியா? அறிவு கெட்டவனே, அள்ளிச் சுளகில பரப்பி ஃபேனுக்குக் கீழ வைய்!"

"சுளகு எங்க இரிக்கு?"

"அதுவும் எனக்குத்தான் தெரியணுமா? அம்மாட்டக் கேள்!"

சோறு ஆறியது. கோழி பொரிந்தது. கரட்டும் லீக்ஸும் வதங்கின. "இப்ப கொச்சிக்காய்! தீயைக் கூட்டு! கூட்டடா!" என்று நான் கத்திய கத்தில் வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டுப் பெண்மணி ஃபிராவ் கெல்லர். மணத்துக்குத்தான் முறைப்பாடு என்று நினைத்து மன்னிப்புமேல் மன்னிப்புக் கேட்டேன். அவர் மூக்கைக்கூடப் பொத்தவில்லை. கண்ணீர் ஓடும் என் முகத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த போனில் அன்ரனும் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். அவர் என் தோளைத் தொட்டு, "மைன் பைலைட்" என்றார். செத்தவீட்டில் சொல்லும் அனுதாபம் அது.

ஐயோ, என்ன வாய்! என் அம்மா உயிரோடு இருக்கிறார், சாப்பிடப் போகிறார், இது கொச்சிக்காய் என்று எனக்குத் தெரிந்த டொச்சு மொழியில் படபடத்துக் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு வந்த கண்ணீர் கொச்சிக்காயால் வந்ததல்ல.

எங்கள் வீட்டில் சமைக்கிறவள் உப்புப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவரின் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக் கேட்பாள். என் சமையலுக்கு எப்போதும் அம்மாதான். இங்கே வந்தும் அந்தப் பழக்கம் போகாமல், உப்புப் பாராமலே இறக்கிவிட்டுப் புருசனிடம் ஏச்சு வாங்குகிறேன். அன்ரன் ஒரு கரண்டிச் சோற்றை அம்மாவின் கையில் வைத்தான். அம்மா வாயில் போட்டு மெல்ல மென்றார்.

"உப்புக் காணாது" என்றார்.

பத்து நாளாகக் கசப்பைத் தவிர ஒன்றும் அறியாத வாய்க்கு உப்புத் தெரிகிறது! அன்ரன் ஓடிப்போய் உப்புத் தூவிக் கொண்டுவந்தான். ஒரு வாய், இரண்டு வாய், ஐந்தாறு வாய் தின்றார். பிறகு போனுக்குக் கிட்ட வந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே அளவுதானே போட்டீங்க. உன்டதிலயும் உப்புக் காணாது புள்ள. கொண்டா, பாப்பம்."

நானும் ஒரு கரண்டி அள்ளி, சூடு ஆற ஊதி, போனுக்கு நேரே நீட்டினேன். அங்கே அம்மா உள்ளங்கையை விரித்தார்.