சுண்ணாம்பில் இருந்த உயிர்

வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கல்லூரி. அதன் விஞ்ஞானக் கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவித் துடைப்பதுதான் ஏரம்புவின் உத்தியோகம். அவருக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளும் தொட்டிலிலேயே கண்ணை மூடின. 1936இல் மனைவி பாலேஸ்வரி மறுபடி உண்டானபோது, இதுவாவது தங்கட்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு மச்சத்தைக் கைவிட்டார். மீனில்லை, இறைச்சியில்லை, கருவாட்டு வாசமும் இல்லை. வெற்றிலை மட்டும் மிஞ்சியது.

ஏழாம் மாதம் கிணற்றை ஆழப்படுத்தினார். அதில் வந்த சுண்ணாம்புக்கல்லில் ஒரு துண்டை வாங்கிய விஞ்ஞானம் படிப்பிக்கும் சீவரத்தினம் மாஸ்டர், தூளாக்கி மைக்கிரொஸ்கோப்பில் வைத்தார்.

"வந்து பாருமன், ஏரம்பு."

வெளிச்ச வட்டத்துக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள், பூந்திபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

"உதென்ன மாஸ்டர்?"

"முந்திக் கடல்லை மிதந்து திரிஞ்ச உயிரின்ரை கூடு. உடம்பு முழுக்க ஒரேயொரு உயிர்க்கலம். செத்துச் செத்து அடியிலை விழுந்துதான் எங்கடை கல்லாச்சு. உந்த இனத்திலை இப்ப ஒண்டுகூட மிச்சமில்லை. மனிசர் பேர் வைக்க முன்னமே முடிஞ்சு போச்சு."

ஏரம்புவின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. அந்தக் கல்லைச் சுட்டுத்தானே சுண்ணாம்பு! வெளியே ஓடித் துப்பினார்.

அதன்பிறகு அவருக்கு நிலம் நிலமாக இருக்கவில்லை. புகையிலைத் தோட்டத்தின் மேல் பச்சைக் கடல் அசைந்தது. பனைகளுக்கும் மேலிருந்து அந்த உருண்டைகள் முருங்கைப்பூப்போல ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டேயிருந்தன. வெற்றிலையை விட்டார். கிணற்றுத் தண்ணீரும் அந்தக் கல்லுக்குள்ளால்தானே ஊறுகிறது என்ற நினைப்பு வந்ததும் செம்பையும் தொடவில்லை. இளநீரோடு கிடந்தவர், ஓரிரு நாளில் தலைசுற்றிக் கிணற்றடியில் சாய்ந்தார்.

"இஞ்சாருங்கோ, என்ன கோதாரி உங்களுக்கு?" பாலேஸ்வரி ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். "நேர்த்தி முறிஞ்சு போச்சு, பாலேஸ். என்ரை வாயாலை நானே கெடுத்துப்போட்டன்."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப நான் நாளும் பொழுதும் மீன்குழம்பிலையோ முழுகிறன்? கோயில் சுவருக்கு வெள்ளையடிச்சதும் உதாலைதானே. பிள்ளையாரே உதுக்குள்ளை இருக்கிறார். நீங்கள் அவரிலும் பெரிய சைவமோ?"

"அதில்லையப்பா... ஒண்டுகூட மிஞ்சேல்லையாம்."

அவளுடைய சிரிப்பு அடங்கியது. அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே, தண்ணீருக்குள், ஏதோ மெல்லப் புரண்டது.

"உது மிஞ்சும்," என்று கிணற்றுத் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "இந்தாங்கோ, குடியுங்கோ."

அந்தப் பழைய கடல் உப்பில்லாமல், குளிர்ந்து, தொண்டைக்குள் இறங்கியது. ஏரம்பு கையை எடுக்கவில்லை. இன்னொருதரம் புரளுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.