தட்டக்காவின் முதல் சொட்டுகள்

என் சித்தியை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் தட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அங்கே பாட்டில் கழுவப் போனவள். பத்தொன்பது வருஷமாகப் பாக்டீரியா வளர்க்கத் தட்டு ஊற்றுகிறாள். தட்டு என்றால் உள்ளங்கை அகல பிளாஸ்டிக் வட்டம். கடற்பாசிக் கூழைச் சூடாக ஊற்றி ஆறவிட வேண்டும். ஒரு குமிழி வரக் கூடாது. வந்துவிட்டால் அந்தத் தட்டை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவாள்.

அவளைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் செய்ததை மறைத்துவிட்டு அவளைப் புகழ்ந்தால் அது வெறும் ஏமாற்று வேலை.

அம்மாவுக்கு வெளியூரில் வேலை. அதனால் நான் சித்தி வீட்டில் வளர்கிறேன். பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியில் சோப்புத்தூள் கொட்டி நுரை மலை எழுப்பியதற்காகப் பத்தாவது பாதியிலேயே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தனியாக விட்டால் திரும்பி வரும்போது வீடு இருக்காது என்று சித்தி என்னைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப் போனாள்.

சித்திக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு பரிசோதனையையாவது தன் கையால் செய்ய வேண்டும். கேட்டுக் கேட்டு, தலைமை டாக்டரம்மா ஒருநாள் சம்மதித்தார். "இத நீங்களே வைங்க. நல்லா வந்தா, கழுவுற வேலையிலேருந்து உங்கள உதவியாளரா மாத்தச் சொல்லி நானே எழுதறேன்."

அன்று சாப்பாட்டு மேசையில் சித்தி வாய் ஓயவில்லை.

"நான் வைக்கப்போற பாக்டீரியா இருக்கே, இந்தப் பயகிட்ட ஒரு ஈட்டி இருக்குடி. உடம்புக்குள்ளயே ஸ்பிரிங் மாதிரி அமுக்கி வெச்சிருப்பான். போட்டிக்காரன் பக்கத்துல வந்து ஒட்டி நின்னான்னு வை, சதக்குனு ஒரே குத்து. நுனியில விஷம்."

"சொந்தக்காரன் வந்தா?"

"அவனையும்தான் குத்துவான். ஆனா அவன்கிட்ட மாத்து மருந்து இருக்கும். ஒண்ணும் ஆகாது."

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லு," என்றார் சித்தப்பா.

பரிசோதனை இதுதான். ஈட்டிக்கார பாக்டீரியாவோடு போட்டி பாக்டீரியாவைக் கலந்து தட்டில் ஒரு சொட்டு. ஈட்டி பிடுங்கப்பட்ட பாக்டீரியாவோடு அதே போட்டியைக் கலந்து வேறொரு சொட்டு. சில மணி நேரம் கழித்து இரண்டையும் சுரண்டி எடுத்து, போட்டி பாக்டீரியா மட்டுமே முளைக்கக்கூடிய புதுத் தட்டுகளில் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும். மறுநாள் முதல் தட்டு மொட்டையாகவும் இரண்டாவது மொய்த்துக்கொண்டும் இருந்தால் வெற்றி. ஆனால் சொட்டு வைக்கும்போது கூழின் மேல்பரப்பு காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் மிதந்தால் யாரும் யாரையும் ஒட்டி நிற்கமாட்டார்கள். ஈட்டி எட்டாது.

சித்தி தட்டுகளின் மூடியை லேசாகத் திறந்து காற்றுக்கு வைத்தாள். மணிக் கருவியை நாற்பது நிமிஷத்துக்குத் திருகிவிட்டு, பாட்டில்களை அவிக்கும் நீராவிப் பாத்திரத்தைக் காலி செய்யப் பக்கத்து அறைக்குப் போனாள். நான் அதைப் பத்து நிமிஷத்துக்குத் திருகினேன். மணி அடித்ததும் அவள் பதறி ஓடி வருவாள், நான் சிரிப்பேன், அவள் முதுகில் ஒன்று போடுவாள். என் திட்டம் அவ்வளவுதான்.

அவள் ஓடித்தான் வந்தாள். ஆனால் அவள் பின்னாலேயே டாக்டரம்மாவும் ஆராய்ச்சி மாணவரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். வரவிருந்த சிரிப்பை விழுங்கிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினேன். சித்தி தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னும் ஈரம் இருக்கற மாதிரி தெரியுதே..." என்று என் பக்கம் திரும்பினாள்.

"மணி அடிச்சிருச்சே சித்தி," என்றேன்.

மணிக் கருவியைத் தொட்டபோது அது விளையாட்டு. இந்த மூன்று வார்த்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சித்தி தலையாட்டிவிட்டு, நடுங்காத கையால் சொட்டுகளை வைத்தாள்.

மறுநாள் இரண்டு தட்டும் மொய்த்துக் கிடந்தன.

"என்னக்கா, உங்க ஈட்டிக்காரன் லீவு போட்டுட்டான் போல," என்றார் மாணவர். சித்தியும் சேர்ந்து சிரித்தாள். "பரவாயில்ல, நீங்க தட்டு ஊத்திக் குடுக்கறதே எங்களுக்குப் பெரிய உதவி," என்றார் டாக்டரம்மா. ஒருத்தியின் ஆசைக்கு அவ்வளவு மரியாதையாகக் கதவைச் சாத்தியதை நான் பார்த்ததே இல்லை.

மூன்று நாள் சித்தி யாரையும் திட்டவில்லை, குமிழி வந்த தட்டுகளைக்கூட. மூன்றாம் நாள் மாலை வீட்டில் கழுவிய சாப்பாட்டுத் தட்டைத் துடைத்தவள், அதை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். மறுபடி சாய்த்தாள்.

"மணியத் திருகினது நான்தான் சித்தி."

அடிப்பாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"ஈரம்னு என் கண்ணு சொல்லுச்சுடி," என்றாள். "நீ சொன்னன்னு என் கண்ண நானே நம்பாம விட்டேன். மூணு நாளா எனக்குக் கண்ணு போச்சு, இனி இந்த வேலைக்கே லாயக்கில்லன்னு நெனச்சிட்டு இருக்கேன். நீ பக்கத்துலயே உக்காந்து சோறு தின்னுட்டு இருக்க."

துடைத்த தட்டை அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்குச் சொன்னது போதாது. நாளைக்கு வந்து அவங்க முன்னாடி சொல்லு."

சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நுரை மலைக்காகத் தலைமையாசிரியர் திட்டியபோதுகூட எனக்குள் சிரிப்புதான் முட்டிக்கொண்டு வந்தது. இங்கே என் செருப்பின் வாரைத் தவிர எதையும் பார்க்க முடியவில்லை. "சரி, இன்னொரு தடவ வைங்க," என்று அவர் சித்தியிடம்தான் சொன்னார். சித்தி என்னிடம் நடைபாதை ஸ்டூலைக் காட்டிவிட்டுக் கதவை உள்ளே தாழிட்டாள்.

மறுநாளும் அதே ஸ்டூல். கதவு திறந்தது. சித்தி இரண்டு கையிலும் தட்டுகளோடு வந்தாள். ஒன்றில் மூன்றே புள்ளிகள். மற்றதில் எண்ண முடியாத கூட்டம்.

"அக்கா, இந்தத் தடவ என்ன மந்திரம் போட்டீங்க?" என்றார் மாணவர்.

"குரங்க வெளிய கட்டிப் போட்டேன்."

நடைபாதையே சிரித்தது. நானும் சிரித்தேன், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. சித்தி என் முன்னால் வந்து நின்று மொட்டைத் தட்டை நீட்டினாள்.

"தொடாம பாரு."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.