இடப்பக்கம் ஒதுங்குகிறவர்

சில்லறையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டதும் சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கி நின்றார் ஆம்ப்ரோஸ். பின்னால் யாரும் இல்லை. பெங்களூர் மர்பி டவுன் ஓட்டல் கல்லாவில் இருந்த கணேசமூர்த்தி சிரித்தார். "ஆடிட்டாரு. அடுத்த ஆளு எங்க சார்?"

அடுத்த ஆள் கோவிந்தன். இடதுகைக்காரர். இருவரும் ஒரே தொழிற்சாலை. கேன்டீன் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சாப்பாட்டு நேரச் சங்கு ஊதுவதற்குள் டேபிள் டென்னிஸ் இரட்டையர் ஆடிப் பழகியவர்கள். இரட்டையரில் ஒருவர் அடித்தால் அடுத்த பந்து மற்றவருடையது. அடித்தவர் வழிவிட வேண்டும். ஆம்ப்ரோஸ் இடப்பக்கம், கோவிந்தன் வலப்பக்கம். ஒருமுறை ஒற்றையர் ஆட்டத்திலும் ஆம்ப்ரோஸ் அடித்துவிட்டு ஒதுங்கி நின்றார். பந்து திரும்பி வந்து, காலி இடத்தைத் தாண்டிப் போயிற்று.

"எங்க கல்யாண போட்டோல இவரு மூஞ்சி பாதிதான் இருக்கும்" என்பார் மனைவி நோரா. "தாலி கட்டினதும் ஒதுங்கிட்டாரு."

தொண்ணூற்றெட்டில் மூத்தோருக்கான சர்வதேசப் போட்டி பெங்களூரிலேயே நடந்தது. ஆண்கள் இரட்டையர் பிரிவில் பெயர் கொடுக்கலாம் என்றார் ஆம்ப்ரோஸ். கோவிந்தன் வேட்டியை விலக்கி வீங்கிய முழங்காலைக் காட்டினார்.

"வேற ஆளச் சேத்துக்கோ."

"வேற ஆளோட எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னே தெரியாது, குரு."

கோவிந்தன் வேட்டியை இறக்கிவிட்டார். "வர்றேன். ஆனா என் முறைக்கு வர்ற பால நீ தொடக்கூடாது. நொண்டின்னு பாவம் பாத்தே, அன்னிக்கோட சரி."

முதல் சுற்றில் ஜப்பானிய ஜோடி. இருவரும் வெள்ளைத் தலை. ஒவ்வொரு புள்ளிக்கும் குனிந்து வணங்கினார்கள். ஆட்டம் கடைசி கேம் வரை போயிற்று. ஒரு புள்ளி பின்தங்கி, இன்னொன்று போனால் தோல்வி என்றிருந்தபோது பந்து வலது மூலைக்கு வந்தது. கோவிந்தனின் முறை. அவர் முழங்கால் மடங்கவில்லை. ஆம்ப்ரோஸ் குறுக்கே பாய்ந்து அடித்தார். எதிரிகள் அசையக்கூட முடியாத அடி. அரங்கம் கைதட்டியது. நடுவர் கையை உயர்த்தினார். முறை தவறிய அடி, புள்ளி ஜப்பானியருக்கு. ஆட்டம் முடிந்தது.

கோவிந்தன் மட்டையை உறைக்குள் வைத்தார்.

"அது என் பாலு, ஆம்ப்ரூ. வுட்டா நான் வுட்டிருப்பேன்."

தனியாக ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

மறுநாள் காலை தூறல். ஆம்ப்ரோஸ் வழக்கம்போல் பை டூ காபி சொன்னார். ஒரு காபி, இரண்டு டம்ளர். தன்னுடையதைக் குடித்து முடித்து இடப்பக்கம் ஒதுங்கி நின்றார். மற்றது கல்மேடையில் ஆறி, ஏடு படிந்தது.

"வேஸ்ட்டாப் போகுது சார். நீங்களே குட்ச்சிடுங்க" என்றார் கணேசமூர்த்தி.

"அது என்னுது இல்லப்பா."

ஓட்டலில் கூட்டம் வந்து குறைந்தது. பிறகு கோவிந்தன் குடையோடு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் ஒதுங்கினார்.