பதார்த்தம் என்று சொன்னேன்

போன கிழமை களுதாவளைக்குப் போகும் பஸ்ஸில் பொலிசார் ஏறினார்கள். இளம்பிள்ளை ஒருவர் என் பையைப் பார்த்து, "பொருள் ஏதும் இருக்கா அம்மா?" என்றார். அவர் தேடியது போதைப்பொருள். பையில் இருந்ததோ பிள்ளையாருக்கு வாங்கிய கதலிப்பழம். ஆனாலும் என் கை நடுங்கியது. பென்ஷன் எடுக்கும் கிழவிக்கு ஏன் இந்த நடுக்கம் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

நடுக்கம் பழையது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்த யுத்தகாலம். எடையுள்ள பொருள் எல்லாம் பதார்த்தம், உப்பும் பதார்த்தம், தண்ணீரும் பதார்த்தம் என்று நான் கத்துவேன். அடுத்த வகுப்பில் சிவமலர் டீச்சர் செய்யுளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருப்பார். "உங்கட பொருளத் தராசில வைக்கலாம், எங்கடய வைக்கேலாது" என்பார். சமையற்கட்டில் பதார்த்தம் என்றால் கறி, பலகாரம். சோதனைச் சாவடியில் மட்டும் சாமான் என்றால் ஒன்றே ஒன்றுதான்: துவக்கும் குண்டும்.

அப்போது வாவியைப் பாதையில்தான் கடக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆளும் மாடும் சைக்கிளும் சேர்ந்து ஏறும் மிதவையை. ஒரு காலை, வகுப்புக்கென்று மயில்துத்தம் என்னும் செப்பு உப்பு ஒரு போத்தல் வாங்கி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு துறைக்கு வந்தேன். துறைச் சாவடியில் ஆமிக்காரன் அதை வெளியே எடுத்தான். நீலக் கட்டிகள் வெயிலில் மினுங்கின.

"இது என்ன சாமான்?"

நஞ்சு என்று சொல்ல முடியுமா? யாருக்கு நஞ்சு என்று அடுத்த கேள்வி வரும். வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல்தான் வாயில் வந்தது.

"பதார்த்தம்."

கொஞ்சத் தமிழ் தெரிந்த அவனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. வரிசையில் என் பின்னால் நின்ற, கைலிச் சாரம் விற்கும் காத்தான்குடி முஸ்லிம் வியாபாரியைக் கூப்பிட்டு, சிங்களத்தில் சொல்லச் சொன்னான். அவரும் பயந்தபடி சொன்னார். சாப்பாடு என்று சொல்லிவிட்டார் என்பது, ஆமிக்காரன் போத்தலைத் திறந்து என்னிடம் நீட்டியபோதுதான் புரிந்தது.

"சாப்பிடு."

இப்போது இது சாப்பாடு இல்லை என்றால் நான் பொய்க்காரி. ஆகச் சின்னக் கட்டியாகப் பொறுக்கி நாக்கில் வைத்தேன். செப்புக் கைப்பு தொண்டைவரை இறங்கியது. அப்படியே குனிந்து வாவிக்குள் வாந்தி எடுத்தேன்.

நிமிர்ந்தபோது ஆமிக்காரனின் முகம் என் முகத்தைவிட வெளிறியிருந்தது. அவனும் சின்னப் பொடியன்தான். தன் தண்ணீர்ப் போத்தலை என் கையில் திணித்து, கொப்பளிக்கும்படி சைகை காட்டினான். மயில்துத்தத்தைத் தூர வீசிவிட்டு, "போ, போ" என்றான்.

பாதையில் வியாபாரி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க பதார்த்தம் எண்டுதானே புள்ள சொன்னீங்க? நான் சோறுகறி எண்டு நினைச்சிட்டன்."

"ஓம், நான்தான் சொன்னன்."

கரை வரும்வரை தன் பனங்கற்கண்டை ஒவ்வொன்றாகத் தந்துகொண்டே வந்தார். யார் பிள்ளை, எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நானும் கேட்டேன்.

இப்போது அங்கே பாலம். சாவடி இருந்த கரையோரத் தண்ணீரில் ஆற்றுவாழைப் பூண்டு மண்டிக் கிடக்கிறது. மோட்டார் சைக்கிளில் ஏறினால் மறுகரை உடனே வந்துவிடுகிறது. பக்கத்தில் போகிறவர் யார் பிள்ளை என்று கேட்க, யாருக்கும் வாவியில் நேரம் இல்லை.