நாற்பது நொடி நிற்காதவன்

என் தம்பிக்குக் காலில் சக்கரம். லிஃப்ட் மெக்கானிக். வேலையும் அதற்கேற்றதுதான்: ஏறுவான், இறங்குவான், ஓரிடத்தில் நின்று பார்த்தவர் கிடையாது. சாப்பாட்டைக்கூட நடந்துகொண்டேதான் முடிப்பான்.

நான் பாதம் வலிப்பவர்களுக்குச் செருப்புக்குள் வைக்கும் மெத்தை செய்கிறவள். கண்ணாடித் தட்டில் நாற்பது நொடி அசையாமல் நின்றால் லேப்டாப்பில் பாதம் படமாக விழும்; அழுத்தம் கூடிய இடம் சிவப்பாகத் தெரியும். பத்து வருஷத்தில் ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். தம்பி மட்டும் அதில் இல்லை. குதிகால் வலி என்று வருவான், தட்டில் ஏறுவான், பத்தாவது நொடியில் செல்போனை எடுக்கத் திரும்புவான். படம் கலைந்துவிடும். நானும் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டேன்.

போன மாதம் டிஸ்க்கில் இடம் தீர்ந்து, புதுப் படம் எதையும் சேமிக்க மாட்டேன் என்றது லேப்டாப். போதாததற்கு உள்ளே டிக் டிக்கென்று சத்தம். பாதத்தைப் படமெடுக்கும் மென்பொருளைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். குட்டிக்கரணம் போட்டாலும் மறுபடி இன்ஸ்டால் செய்ய முடியாது. டிஸ்க் போனால் என் பிழைப்பும் போய்விடும்.

"பெரிய டிஸ்க் போட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தோட எல்லாத்தையும் அப்படியே அதுக்கு மாத்திடலாம்க்கா. நான் பண்ணித் தரேன்," என்றான் தம்பி.

"நீயா? மூணு மணி நேரம் தொடாம இருக்கணுமாமே?"

"இருந்துட்டாப் போச்சு."

ஞாயிறு காலை, கடைக்கு விடுமுறை. லேப்டாப்பைக் கவிழ்த்து, உள்ளே காலியாக இருந்த இரண்டாவது இடத்தில் புது டிஸ்க்கைப் பொருத்தி, நகலை ஓடவிட்டான். அறுபத்து மூன்று சதவீதத்தில் கோடு நகராமல் நின்றது. அவன் கதவுக்கும் மேஜைக்குமாக நடந்தான். என் கத்தரிகளை அளவு பார்த்து அடுக்கினான், உடனே கலைத்தான். ஒருவழியாக நூறு வந்தது. அணைத்துப் போட்டான். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

"முடிஞ்சுது. பழைய டிஸ்க்க அழிச்சுடறேன். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா உனக்குத்தான் குழப்பம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அழுத்திவிட்டான்.

"பெரிய டிஸ்க்னு சொன்னே. இன்னும் இடமில்லன்னு செவப்பாவே காட்டுதேடா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. லேப்டாப் புதியதிலிருந்து இல்லை, பழைய டிஸ்க்கிலிருந்தே எழுந்திருந்தது. அச்சு அசலாக இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததால் அளவைப் பார்க்காமல் புதியதை அழித்துவிட்டான். மிச்சம் இருந்தது டிக் டிக் மட்டும்தான். அது இன்னொரு மூன்று மணி நேரம் தாங்க வேண்டும்.

"கையக் கட்டிக்கிட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டியா நீ?" என்று கத்திவிட்டேன்.

அவன் மறுபடி நகலை ஓடவிட்டான். டிஸ்க் சுட ஆரம்பித்ததும் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினான். அந்த ஃபேனுக்குக் கழுத்து உடைந்து நாளாயிற்று, விட்டால் தொங்கிவிடும். அதை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தான். செல்போன் நாலு தடவை அடித்தது. எடுக்கவில்லை. இப்போது கதவுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தது நான்தான்.

நூறு வந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் லேப்டாப்பைப் போட்டான். எழுந்தது. அளவை என்னையும் படிக்கச் சொன்னான். முக்கால்வாசி காலியாக இருந்தது.

"சேவ் ஆகுதான்னு பாக்கணும்க்கா. ஒரு படம் எடு."

அவனே செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டில் ஏறினான். செல்போன் அடித்தது, அவன் அசையவில்லை. படம் விழுந்தது. இரண்டு குதிகாலும் ரத்தச் சிவப்பு. இந்த வலியோடா இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்தான் என்று மனசு தாளவில்லை.

"இறங்கட்டுமாக்கா?"

படம் எப்போதோ சேமித்தாகிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் நில்லு," என்றேன்.